அமெரிக்கப் பொது நூலகக் கணக்கெடுப்புத் தரவு: இலவசம்தான், ஆனால் கையேட்டைப் படிக்காமல் கூட்டிவிடாதீர்கள்

நூலகப் புள்ளிவிவரம் என்றால் பல இடங்களில் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரும் நான்கு எண்களோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் ஐஎம்எல்எஸ் எனப்படும் அருங்காட்சியக, நூலகச் சேவைகள் நிறுவனம் வெளியிடும் பொது நூலகக் கணக்கெடுப்பு அப்படியல்ல. ஏறத்தாழ 9,000 நூலக நிர்வாகங்கள், அவற்றின் கீழ் ஏறத்தாழ 17,000 கிளைகள் என நூலகம் நூலகமாகப் பிரித்த தரவு கிடைக்கிறது. 1988 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2007 வரை தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் பொறுப்பில் இருந்தது. பதிவு, கட்டணம் எதுவும் வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று கோப்புகள் உண்டு. நிர்வாகக் கோப்பில் ஒரு நூலக அமைப்புக்கு ஒரு வரிசை: வருமானம், செலவு, பணியாளர், இரவல், வருகை எல்லாம் இங்கேதான். கிளைக் கோப்பில் கட்டடப் பரப்பு, திறந்திருந்த மணிநேரம், வாரங்கள், மையமா கிளையா நடமாடும் நூலகமா என்ற குறியீடு. மூன்றாவது மாநிலச் சுருக்கம். வருகையும் இரவலும் கிளைவாரியாக இந்த மூன்றிலும் இல்லை. ஒரு குறிப்பிட்ட கிளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தேடுபவர்கள் அந்த நூலகத்தையே கேட்க வேண்டியதுதான். நிர்வாகக் கோப்பையும் கிளைக் கோப்பையும் இணைக்க, மாநிலத்தின் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த அடையாள எண் இருக்கிறது. இணைத்த பிறகு செலவுத் தொகையைக் கூட்டாதீர்கள். பத்துக் கிளை உள்ள நூலகத்தின் பட்ஜெட் பத்து மடங்காகிவிடும்.

கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எதிர்ம எண்களைக் களைவது. -1 என்றால் விடுபட்டது, -3 என்றால் நூலகம் மூடியிருந்தது, -4 என்றால் பொருந்தாது, -9 என்றால் தனியுரிமைக்காக மறைத்தது. இவற்றை வெற்றிடமாக மாற்றாமல் சராசரி எடுத்தால் விடை சற்றே குறைவாக வரும். சற்றே என்பதால் யார் கண்ணிலும் படாது. அதுதான் ஆபத்து. எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களின் அஞ்சல் குறியீட்டில் முதல் பூஜ்யம் காணாமல் போகும். அடையாள எண், அஞ்சல் குறியீடு, மாவட்டக் குறியீடு மூன்றையும் எழுத்து வடிவமாக இறக்குவது நல்லது.

அடுத்து, பெரும்பாலான எண்களுக்குப் பக்கத்துணையாக ஒரு குறி நெடுவரிசை வருகிறது. அந்த எண்ணை நூலகமே தந்ததா, அல்லது தராததால் கணக்கெடுப்பாளர்கள் மதிப்பிட்டு நிரப்பியதா என்று அது சொல்லும். தேசிய மொத்தத்துக்கு நிரப்பிய எண்கள் தேவை. ஒரு தனி நூலகத்தைப் பக்கத்து ஊர் நூலகத்தோடு ஒப்பிடும்போது நிரப்பிய எண்ணை வைத்து வாதாடுவது வீண். இந்த வசதி இருப்பதற்காகவே இத்தரவைப் பாராட்டலாம். எது உண்மைப் பதிவு, எது மதிப்பீடு என்று பிரித்துக் காட்டும் அரசுத் தரவுகள் அதிகமில்லை.

மக்கள்தொகைக்கு இரண்டு நெடுவரிசைகள். ஒன்று அந்த நூலகத்தின் சட்டப்படியான சேவைப் பகுதி மக்கள். மற்றது, பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கழித்த எண். நகர நூலகமும் மாவட்ட நூலகமும் ஒரே ஆட்களைத் தத்தம் கணக்கில் காட்டலாம். தனி நூலகத்தின் தலைக்கு எத்தனை என்ற கணக்குக்கு முதலாவது, மாநில அளவில் கூட்டுவதற்கு இரண்டாவது.

தரம் எங்கே ஏறி இறங்குகிறது என்றால், எண் பிறக்கும் இடத்தில். வருகையை எடுத்துக்கொள்வோம். வாசலில் ஆட்களை எண்ணும் ஒற்றை ஒளிக்கதிர்க் கருவி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்தே எண்ணும். பாதியாக்க மறந்தால் வருகை இரட்டிப்பு. இந்தக் கருவி இல்லாத நூலகங்கள் ஒரு வழக்கமான வாரத்தைத் தேர்ந்து எண்ணி 52ஆல் பெருக்கலாம் என்பது விதி. பண்டிகை, விடுமுறை, சிறப்பு நிகழ்ச்சி இல்லாத வாரமாக இருக்க வேண்டும். அந்த வாரத்தில் 40 பேரைக் கூடுதலாக எண்ணினால் ஆண்டுக்கு 2,080 பேர் காற்றில் பிறக்கிறார்கள். நல்ல வேளையாக, முழு எண்ணிக்கையா வார மதிப்பீடா என்பதற்கும் தனி நெடுவரிசை சேர்த்திருக்கிறார்கள். ஒரு நூலகத்தின் வருகை திடீரென்று எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரவல் எண்ணிக்கையில் புதுப்பித்தலும் அடங்கும். நூலக மென்பொருளில் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிய ஆண்டில் யாரும் கூடுதலாக ஒரு புத்தகம் எடுக்காமலே வரைபடம் ஏறும். உறுப்பினர் எண்ணிக்கை இதற்கு எதிர்த்திசை: மூன்றாண்டுக்குள் ஒருமுறை பழைய பெயர்களை நீக்கியிருக்க வேண்டும் என்கிறது வரையறை, நீக்கிய ஆண்டில் உறுப்பினர் ‘குறைந்துவிட்டார்கள்’ என்று செய்தி வரும். மின்நூல் தொகுப்பு இன்னும் மோசம். பல நூலகங்கள் கூட்டாக வாங்கிய ஒரே தொகுப்பு ஒவ்வொன்றின் கணக்கிலும் நிற்கும் ஆண்டுகள் உண்டு, ஆகவே அதை மாநில அளவில் கூட்டுவதில் பொருளில்லை. வைஃபை அமர்வுகளை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும் ஒரே கைபேசியை ஒரு கருவி ஒன்றாகவும் இன்னொன்று ஐந்தாகவும் எண்ணும்.

பணியாளர் கணக்கு மாறாக உறுதியானது. ஆள் தலையை எண்ணுவதில்லை. வாரத்துக்கு 40 மணிநேரம் ஒரு முழுநேரப் பணி. 20 மணிநேரம் வேலை செய்யும் இருவர் சேர்ந்து ஒன்று. நம் ஊரில் நூலகப் படிவம் தயாரிப்பவர்கள் இந்த ஒரு வரையறையை எடுத்துக்கொண்டாலே பகுதிநேரப் பணியாளர் குழப்பம் பாதி தீரும்.

காலத்தொடர் வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா நூலகத்துக்கும் நிதியாண்டு ஒன்றல்ல. ஜூனில் முடிவது, செப்டம்பரில் முடிவது, டிசம்பரில் முடிவது என மூன்றும் ஒரே ஆண்டுக் கோப்பில் இருக்கும். 2020 கோப்பில், ஜூனில் கணக்கை முடித்த நூலகத்துக்குக் கொரோனாவுக்கு முந்தைய எட்டு மாதங்களுக்கு மேல் உண்டு. டிசம்பரில் முடித்ததற்கு இரண்டரை மாதம்தான். தொடக்க, முடிவுத் தேதிகள் ஒவ்வொரு வரிசையிலும் இருப்பதால் வடிகட்டுவது எளிது.

வேகம் இதன் பெரிய குறை. நூலகத்திடமிருந்து மாநிலத் தரவு ஒருங்கிணைப்பாளருக்கு, அங்கே சரிபார்ப்பு, பெரிய ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம், பிறகு கூட்டாட்சி நிறுவனத்துக்கு என்று போய்வருவதற்குள் தரவு பழையதாகிவிடும். சென்ற மாதம் நடந்ததை அறிய விரும்புபவர்களுக்கு இது பயன்படாது. சில மாநில நூலகங்கள் தங்கள் பகுதியை முன்னதாகவே வெளியிடுகின்றன. கூடுதல் கேள்விகளும் அவற்றில் இருக்கும்.

மதிப்பெண் கேட்டால் வரையறைகளுக்கு ஐந்துக்கு ஐந்து, வேகத்துக்கு இரண்டு. தொடர்ச்சிக்கு இப்போது மதிப்பெண் போட முடியாது: 2025 மார்ச்சில் ஐஎம்எல்எஸ்ஸைச் சுருக்கும் அதிபர் ஆணை வந்தது. ஆய்வுக்கு நம்பியிருப்பவர்கள் தேவையான ஆண்டுகளின் சிஎஸ்வி கோப்புகளை மட்டுமன்றி, அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டையும் சேர்த்துத் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைப் பெயர்களும் வரையறைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2014 கோப்பை இன்றைய கையேட்டை வைத்துப் படிக்க முடியாது.