ஏழு ஆண்டுகள், ஓர் எட்டு அங்குல ஆடி

எட்டு அங்குலக் குழியாடியால் ஒளியைத் திரட்டும், கையால் திருப்பும் எளிய தாங்கி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கியை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 10 மி.மீ. குவியத்தூரம் கொண்ட கண்ணருகு லென்ஸைப் போட்டால் 120 மடங்கு. ஆனால் எவ்வளவு பெருக்கினாலும் விண்மீன் புள்ளியாகவே நிற்கும். இந்தக் கருவியின் அருமை அது திரட்டும் ஒளியில் இருக்கிறது. இருளில் 7 மி.மீ. விரியும் கண்மணியோடு ஒப்பிட்டால், இதன் 203 மி.மீ. (எட்டு அங்குல) ஆடி ஏறக்குறைய 800 மடங்கு ஒளியை அள்ளித் தருகிறது.

அந்த ஒளியை வைத்து என்ன செய்யலாம் என்பது மூன்றாம் ஆண்டில்தான் புரிந்தது. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கீற்றணி ஒன்றைச் சிறிய கேமராவின் முனையில் திருகி, வேகா விண்மீனை நோக்கித் திருப்பினேன். நூல் போல மெலிந்த வண்ணக் கோடு ஒன்று வந்தது, அவ்வளவுதான். பல இரவுகள் அப்படியே கழிந்தன. என் தாங்கியில் மோட்டார் கிடையாது. பூமி சுழலச் சுழல விண்மீன் காட்சியைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவலையே பயன்படுத்திக்கொண்டேன். நிறமாலை அதற்குச் செங்குத்தாக விழும்படி கீற்றணியைத் திருப்பி, சில விநாடிகள் படம் பிடித்தேன். நூல் பட்டையாக அகன்றது. நீலப் பகுதியில் 486 நானோமீட்டரிலும் 434-இலும் இரண்டு கருங்கோடுகள்! அந்த நிறங்களை விழுங்கிய, 25 ஒளியாண்டுக்கு அப்பாலிருக்கும் ஹைட்ரஜனின் கையெழுத்து. 1868-இல் சூரிய ஒளியில் புதிய கோடு ஒன்றைக் கண்டுதான் ஹீலியம் என்ற தனிமத்தையே அறிந்தார்கள். கோடுகளை வைத்தே ஒரு தனிமத்தை அடையாளம் காணலாம் என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன்.

குறைகளும் உண்டு. குழாயும் அடித்தாங்கியும் கனமானவை. இரண்டு நடையாகத்தான் வெளியே கொண்டு செல்ல முடியும். ஆடி குளிர அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆடிகளின் சீரமைப்பைச் சரிபார்ப்பது நல்லது. விண்மீன் நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று கோடுகளின் நுண்ணிய நகர்விலிருந்து அளக்க இந்தக் கீற்றணி போதாது. அதற்கு உயர்தர நிறமாலைமானி வேண்டும்.

திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) என்ற சிவப்பு விண்மீனின் நிறமாலை வேறு மாதிரி. டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் சிவப்புப் பகுதியைப் படிக்கட்டு போல அரித்திருக்கும். 2019 இறுதியில் அது கண்கூடாக மங்கியபோது என்னிடம் கீற்றணி இல்லை. அது இன்றும் உறுத்துகிறது. அதனால் திருவாதிரை வானில் தெரியும் காலமெல்லாம், மாதத்துக்கு ஓர் இரவாவது அதைப் பதிவு செய்து வைக்கிறேன்.