35,000 தள்ளுபடி வாங்கி 57,900 விட்டேன்: புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

2025 தையில் புதுக் கார் எடுத்தேன். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. தேனியிலிருந்து மதுரை மருத்துவமனைக்கு மாதம் இரண்டு தடவையாவது கூட்டிப் போக வேண்டும். பழைய வண்டி அந்த ஓட்டத்துக்குத் தாங்காது என்று ஆகிவிட்டது. ஷோரூம் பெயரை எழுதவில்லை. கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை.

எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 8,20,000. விற்பனைப் பிரிவுத் தம்பி ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதிக் காட்டினார்: ஆன்-ரோடு (எல்லாம் சேர்த்த மொத்த விலை) 10,15,000. அதிலிருந்து பேரம் ஆரம்பித்தது. 15,000 என்றார், 20,000 என்றார், உள்ளே போய்வந்து 25,000 என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அண்ணே, மேனேஜர்கிட்ட சண்டை போட்டு 35,000 வாங்கிட்டேன். வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். 9,80,000க்கு முடிந்தது. மனைவிக்கு போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் கேட்டதெல்லாம் "எவ்வளவு குறைப்பீங்க?" என்பதுதான். 10,15,000 எப்படி வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் கழித்து, பில்களைக் கோப்பில் வைக்கும்போதுதான் வரிவரியாகப் பார்த்தேன்.

சாலை வரி 1,06,600. அது அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சம் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்து 4,300. நீட்டிப்பு வாரண்டி 12,000; நான் தெரிந்தே கேட்டு வாங்கியது. இவற்றில் எனக்குக் குறையில்லை.

இன்சூரன்ஸ் 48,700 என்று இருந்தது. அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் அதே ஐ.டி.வி. (வண்டிக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்), அதே இன்ஜின் பாதுகாப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். 31,200 காட்டியது. 17,500 வித்தியாசம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கானது) மட்டும் எங்கே எடுத்தாலும் ஒரே விலை. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு அதை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். நான் எடுத்தபோது 1000 முதல் 1500 சி.சி. வரை 10,640, அதன் மேல் ஜி.எஸ்.டி. விலை ஏறி இறங்குவது சொந்தச் சேதக் காப்பீட்டிலும் கூடுதல் கவர்களிலும்தான். டீலரின் கமிஷனும் அங்கேதான். டீலரிடமே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியே எடுத்தால் கிளெய்மில் சிக்கல் வரும் என்று பயமுறுத்துவார்கள். நீங்கள் எடுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு கேஷ்லெஸ் ஒப்பந்தம் (பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) உங்கள் சர்வீஸ் சென்டருக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைவிட வருத்தம் தந்தது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு. பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு மேல் கிளெய்மே போட்டதில்லை. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதக் கழிவு எனக்கு உரிமை. அந்த போனஸ் வண்டியோடு போகாது, உரிமையாளரோடு வரும். பழைய வண்டியை விற்றதற்கான தாள்களைக் கொடுத்து, பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கினால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டதே அவர்கள்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏறக்குறைய 8,000 அதில் போனது.

அந்த எக்ஸ்சேஞ்சிலும் இப்படித்தான். உள்ளூரில் 2,10,000க்குக் கேட்டிருந்தார்கள். ஷோரூமில் 1,75,000 போட்டு, 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' 20,000 சேர்த்தார்கள். போனஸ் என்ற சொல்லைக் கேட்டு நான் கூட்டிப் பார்க்கவில்லை. 15,000 குறைவு.

ஹேண்டிலிங் 8,500. வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டிலிருந்து கொண்டுவரும் செலவாம். மோட்டார் வாகன விதிகளில் இப்படி ஒரு கட்டணமே கிடையாது. தரைவிரிப்பு, மட்ஃபிளாப், சீட் கவர் எல்லாம் அடங்கிய கிட் 14,900. எங்கள் ஊர்க் கடையில் அதே தரத்தில் 6,000க்குக் கிடைக்கிறது. தரைவிரிப்பு இலவசம் என்று அந்தத் தம்பி வாயால் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, காகிதத்தில் இல்லை.

கூட்டிப் பாருங்கள்: இன்சூரன்ஸில் 17,500, நோ கிளெய்ம் போனஸில் 8,000, எக்ஸ்சேஞ்சில் 15,000, ஹேண்டிலிங் 8,500, கிட்டில் 8,900. மொத்தம் 57,900.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். வண்டி எப்போது வந்தது என்று நான் கேட்டதற்கு "டிசம்பர் கடைசியில இறங்கின வண்டிண்ணே" என்றார்கள். ஆர்.சி. வந்தபோது சித்தப்பா மகன், மெக்கானிக், வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது 2024 மார்ச் தயாரிப்பு" என்றான். டயரின் பக்கவாட்டில் 0824 என்று இருந்தது: 2024இன் எட்டாவது வாரம். பத்து மாதம் வெயிலில் கிடந்த வண்டி. நம் ஊரில் மார்கழியில் வண்டி எடுப்பவர்கள் குறைவு. தை பிறந்ததும் முகூர்த்தம் பார்த்து வருகிறவர்கள் தலையில்தான் போன வருடத்து இருப்பு கட்டப்படுகிறது. நாளை விற்கும்போது எந்த மாடல் என்று கேட்டால் 2024 என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண்ணை (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) கேளுங்கள். பல நிறுவனங்களில் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும்: 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025. யார்டுக்கே போய் டயரையும் பாருங்கள். பழைய இருப்பு என்றால் வாங்கக் கூடாது என்பதில்லை, ஆனால் அதற்கென்று தனியாக விலை குறைய வேண்டும்.

விலைப்பட்டியலை ஷோரூம் முத்திரையோடு வரிவரியாக வாங்குங்கள், அதுவும் இரண்டு டீலரிடம். எக்ஸ்-ஷோரூம் விலையை நிறுவனத்தின் இணையதளத்தோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரியில் குறைந்தது கிட்டிலும் இன்சூரன்ஸிலும் திரும்பப் போய்விடக் கூடாது. முன்பணம் அதற்கப்புறம்தான்.

கடனை நானே வங்கியில் போட்டுக்கொண்டதால் அதில் தப்பித்தேன். பக்கத்து மேசையில் ஒருவருக்கு "ஏழு பர்சென்ட்தான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாட் ஏழு, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி. 6 லட்சம், ஐந்து வருடம் என்றால் மாதம் 13,500 வரும். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது 12.5 சதவீத வட்டி. 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் கொடுப்பவர் உண்மையான வருடாந்திர விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அன்று அந்தப் பக்கத்து மேசைக்காரரிடம் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது இன்றும் உறுத்துகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் ஹேண்டிலிங் 8,500 மட்டும் கணக்கில் திரும்ப வந்தது. தயாரிப்பு மாதத்தை மறைத்ததற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 5 முதல் 10 லட்சம் வரையான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை.

அதன் பிறகு ஷோரூமிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "கேஸை வாபஸ் வாங்குங்கண்ணே, ரெண்டு சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்" என்றார். லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பச் சொன்னேன். இதுவரை எதுவும் வரவில்லை.