ஐந்து பாடல்கள், ஐம்பத்தைந்து நிமிடங்கள்: ஜோவன்னா நியூசமின் 'ஈஸ்'

கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டி என்ற சிற்றூரில் வளர்ந்த ஜோவன்னா நியூசம், யாழ் போன்ற நரம்புக் கருவியான ஹார்ப்பை வாசித்தபடி தம் சொந்தப் பாடல்களைப் பாடுபவர். 2004-ல் 'தி மில்க்-ஐட் மெண்டர்' என்ற அவரது முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 22. எளிய இசையமைப்பும், குழந்தையின் கீச்சுக்குரலும் கிழவியின் கரகரப்பும் ஒன்றாகக் கலந்ததுபோன்ற குரலும் கொண்ட அந்தச் சிறு பாடல்கள், சிகாகோவைச் சேர்ந்த டிராக் சிட்டி என்ற சுயாதீன இசை நிறுவனத்தின் மூலம் அவருக்கு ஒரு ரசிகர் வட்டத்தைத் தேடித் தந்தன. அதே பாணியில் இன்னும் பன்னிரண்டு பாடல்களை அவர் தந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2006 நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பமான 'ஈஸ்', ஐந்தே பாடல்களில் 55 நிமிடங்களுக்கு நீள்கிறது. அவற்றுள் மிகச் சிறியதே ஏழு நிமிடங்களைத் தாண்டுகிறது, மிக நீண்டதோ பதினேழு நிமிடங்களை நெருங்குகிறது. பிரான்சின் பிரித்தானிப் பகுதிக் கதைகளில் கடல் கொண்டதாகச் சொல்லப்படும் நகரத்தின் பெயர்தான் ஈஸ்.

இந்த ஆல்பம் உருவான முறையைத் தெரிந்துகொண்டு கேட்டால், அதன் துணிச்சல் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகப் புலப்படும். முதலில் நியூசம் ஹார்ப்பையும் குரலையும் மட்டும் லாஸ் ஏஞ்சலீஸில் பதிவு செய்தார். அதைப் பதிந்தவர் 2024-ல் மறைந்த ஸ்டீவ் அல்பினி. இசைக்கலைஞர் அறையில் எப்படி ஒலிக்கிறாரோ அப்படியே நாடாவில் விழ வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த ஒலிப்பதிவாளர் அவர். அந்தப் பதிவு முடிந்த பிறகே, 1960-களில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுடன் பணியாற்றிய வான் டைக் பார்க்ஸ் அதற்கு ஆர்கெஸ்ட்ரா இசையை எழுதினார். அதையும் பதிவு செய்து, கடைசியாக இசைக்கலைஞர் ஜிம் ஓரூர்க் எல்லா ஒலிப்பதிவுகளையும் ஒன்றாகக் கலந்து முடித்தார். முழுப் பணியும் டிஜிட்டல் முறையில் அல்லாமல் அனலாக் ஒலிநாடாவிலேயே நடந்தது.

இந்த வரிசை மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். வழக்கமாகப் பெரிய வாத்தியக் குழு ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்கும், பாடுபவர் அதன்மேல் நடந்து போவார். இங்கே பாடகிதான் முன்னே போகிறார். ஒரு சொல்லில் அவர் தயங்கினால் வயலின்களும் தயங்க வேண்டியிருக்கிறது, அடுத்த வரியை அவர் மூச்சிரைக்க அவசரமாகச் சொன்னால் குழல்களும் கூடவே ஓட வேண்டியிருக்கிறது. டிரம்ஸ் முன்னின்று தாளத்தைக் கட்டிப்போடுவதும் இல்லை. அதனால் இத்தனை வாத்தியங்கள் சூழ்ந்திருந்தும், ஒருவர் எதிரே உட்கார்ந்து கதை சொல்வதைக் கேட்கும் நெருக்கம் எந்த இடத்திலும் குலைவதில்லை.

முதல் பாடலான 'எமிலி', வானியற்பியல் படித்த தம் சகோதரியை நோக்கி அவர் பாடுவது. பன்னிரண்டு நிமிடம் ஓடும் இப்பாடலில், ஊரும் வயலும் தந்தையும் சிறுவயது இரவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. நடுவில், வானிலிருந்து விழும் கல்லைப் பற்றிச் சகோதரி சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் ஒப்பிக்கிறார். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள் உண்டு: விண்வெளியில் திரியும்போது ஒன்று, காற்றுமண்டலத்தில் எரியும் ஒளிக்கு ஒன்று, தரையில் வந்து விழுந்தபின் ஒன்று. பாட்டில் முதற்பெயரும் மூன்றாம் பெயரும் இடம் மாறிவிட்டன. அறிவியல் தெரிந்தவர்கள் இதைப் பிழை என்பார்கள், பிழைதான். ஆயினும், சொல்லிக் கொடுத்தவள்மீது கொண்ட பாசத்தால் பாடத்தை நெஞ்சில் வைத்திருந்து, சொற்களைச் சற்றே புரட்டி ஒப்பிக்கும் ஒருத்தியாகவே அவர் எனக்குத் தெரிகிறார். அந்தப் பாடலில் பின்குரல் கொடுப்பவரும் அந்தச் சகோதரியே என்பதை அறிந்த பிறகு, அந்த வரிகளை மறுபடி கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

'மங்கி அண்ட் பேர்' ஒரு நீதிக்கதைபோலத் தொடங்கும். பிடியிலிருந்து தப்பித்த குரங்கும் கரடியும் சேர்ந்து பிழைக்கின்றன. இன்னும் கொஞ்ச நாள் ஆடு, அப்புறம் விடுதலைதான் என்று குரங்கு கரடியிடம் அன்பாகப் பேசியே அதை ஆட்டுவிக்கிறது. அன்பின் பெயரால் ஒருவர் மற்றவரது உழைப்பைச் சுரண்டுவதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பாடல்கள் குறைவு. இருப்பினும் ஆல்பத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இந்தப் பாடலிலேயே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வாத்தியங்கள் அபிநயம் பிடித்துக் காட்டுவதால், கதை தானாக மனதில் விரியச் சற்று இடம் குறைந்துவிடுகிறது. கரடி கடலில் இறங்கித் தன் உடலைக் களைந்துபோடும் அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் பார்க்ஸின் எழுத்து பாடலுக்கு முழுமையாக ஈடுகொடுக்கிறது.

அடுத்து வரும் 'சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்' பாடலில் ஆர்கெஸ்ட்ரா அறவே இல்லை. ஹார்ப் மட்டுமே, குரல் மட்டுமே, ஏறத்தாழ பத்து நிமிடங்கள். நம் யாழுக்கு உறவான இந்தக் கருவியின் பெரிய வடிவத்தில் 47 நரம்புகளும், சுரத்தை ஏற்றி இறக்க ஏழு மிதிகட்டைகளும் உண்டு. ஒரு கை மூன்று மூன்றாகவும் மறு கை நான்கு நான்காகவும் எண்ணிக்கொண்டு போக, இரண்டுக்கும் கட்டுப்படாமல் குரல் தன் போக்கில் செல்லும் நியூசமின் வாசிப்பு முறையை இந்தப் பாடலில்தான் தெளிவாகக் கவனிக்கலாம். ஹெட்ஃபோனில் கேட்டால், விரல் நரம்பை விட்டு எழும் அந்த நொடியும், வரி முடிவதற்குள் தீர்ந்துபோகும் மூச்சும்கூடக் காதில் விழும். ஆல்பத்தின் மையம் இதுவே என்பது என் கருத்து. பெரிய வாத்தியக் குழு இல்லாமலே பத்து நிமிடம் தாங்கும் அளவுக்குப் பாடல்கள் வலுவானவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பதினேழு நிமிடத்தை நெருங்கும் 'ஒன்லி ஸ்கின்' பாடலை முதல் முறையிலேயே முழுமையாக உள்வாங்கிவிட முடியாது. எனக்கு ஐந்தாறு தடவை தேவைப்பட்டது. பல்லவி திரும்பி வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் மெட்டு மாறிக்கொண்டே முன்னேறுகிறது. இறுதிப் பகுதியில் பாடகர் பில் காலஹனின் தாழ்ந்த ஆண்குரல் எழுந்து நியூசமுக்குப் பதில் சொல்லும்போது, அதுவரை தனியாக ஒருத்தி சுமந்துவந்த பாரத்தில் இன்னொருவர் கை வைத்ததுபோல ஓர் ஆறுதல் பிறக்கிறது.

வாங்க நினைப்பவர்கள், பாடல் வரிகள் அச்சிட்ட புத்தகத்தோடு வரும் சிடியையோ இரட்டை எல்பி இசைத்தட்டையோ வாங்குவதே நல்லது. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காவிட்டால் பாதி இழப்பு. பெஞ்சமின் வியர்லிங் பழைய ஐரோப்பிய ஓவியர்களின் முறையில் தீட்டிய அட்டைப்படத்தையும் நின்று பார்க்க வேண்டும். அதில் நியூசம் ஒரு கையில் அரிவாளும் மறு கையில் சட்டமிட்ட அந்துப்பூச்சியுமாக அமர்ந்திருக்கிறார். குரலைப் பொறுத்தவரை, முதல் மூன்று நிமிடங்களில் நானே நிறுத்திவிட்டு எழுந்தவன்தான் என்பதால், பொறுமையாக இன்னொரு முறை கேளுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

அந்த அந்துப்பூச்சியின் பெயரைத் தாங்கியதே கடைசிப் பாடலான 'காஸ்மியா'. இறந்துபோன தோழிக்கான புலம்பல் அது. நான்கு பாடல்களில் சொற்களை வாரி இறைத்தவர், இங்கே கடைசியில் உன் இதயம் இல்லாமல் வாடுகிறேன் என்ற ஒரே ஒரு வரிக்கு வந்து சேர்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். குரல் உடைகிறது, உடைந்த பிறகும் விடாமல் பாடுகிறார்.