ஹெட் வேலைக்குப் பின் டைமிங் கோளாறு: குறியா, லைட்டா?

வேலூர், காட்பாடி பக்கம் இன்னும் ஓடும் கார்புரேட்டர் மாருதி 800 போன்ற வண்டிகளில், சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்து மாட்டிய பின் இழுவை குறைந்தால், டைமிங் பெல்ட்டின் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் பட்டை) கவரைக் கழற்றி, புல்லிகளில் உள்ள குறிகளைப் பார்ப்பதா, டைமிங் லைட் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) பிடிப்பதா என்ற குழப்பம் வருகிறது.

செலவு: குறி பார்க்க ஸ்பேனரும் பொறுமையும் போதும், லைட்டை வாங்க வேண்டும், அல்லது அது உள்ள பட்டறைக்குப் போக வேண்டும்.

நேரம்: கவர் வேலை இழுக்கும், லைட் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

காட்டுவது: லைட் ஸ்பார்க் விழும் நேரத்தை மட்டுமே காட்டும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லியில் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டரைத் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) திருப்பி, லைட்டில் தெரியும் ஸ்பார்க் குறியைச் சேர்த்துவிடலாம். ஆனால் வால்வு திறக்கும் நேரம் தவறாகவே இருக்கும், இழுவையும் திரும்பாது. ஆகவே பெல்ட் குறியையே முதலில் பார்க்கச் சொல்வேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் 2 முழுச் சுற்று சுற்றி, கேம் குறியும் கிராங்க் குறியும் மறுபடி நேராக நிற்கின்றனவா எனப் பாருங்கள். நடுவில் இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

குறிகள் சரியாக இருந்தும், ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்டாலோ, நம் ஊர்க் கோடையில் வண்டி சீக்கிரம் சூடேறினாலோ, லைட்டைப் பிடித்து, ஸ்பார்க் நேரத்தைக் கையேடு சொல்லும் டிகிரிக்கு வைப்பதே ஏற்றது.