‘லவுசி’யா, ‘ஷாடி’யா?

ஒசூர்த் தொழிற்சாலைகளில் தர ஆய்வுப் பிரிவில் சேரும் கிருஷ்ணகிரி, தருமபுரி இளைஞர்கள் பலர், மட்டமான பொருளைக் குறிக்க ‘லவுசி’ (lousy), ‘ஷாடி’ (shoddy) என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் அவை வழங்கும் இடங்கள் வேறு.

‘லவுசி’ என்பது பேனைக் குறிக்கும் ‘லவுஸ்’ என்பதிலிருந்து வந்த பேச்சுவழக்குச் சொல். சாப்பாடு, வானிலை, சம்பளம் என எதற்கும் அது பொருந்தும். காய்ச்சலில் படுத்திருப்பவர்கூடத் தம் உடல்நிலையை அப்படிச் சொல்லலாம். ‘ஷாடி’ அங்கே பொருந்தாது.

‘ஷாடி’யின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், கந்தல் கம்பளியைப் பிய்த்து மறுபடி நூற்று நெய்த துணிக்கு 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய பெயர் அது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அத்தகைய துணியில் தைத்த சீருடைகள் விரைவிலேயே நைந்துபோனதால், பார்வைக்கு நன்றாயிருந்து உழைக்காத எதற்கும் அச்சொல் ஆகிவந்தது. ஆகவே செய்தவரின் அக்கறையின்மையைச் சுட்டும் இடத்தில் அதுவே சரி: துளை விட்ட வெல்டிங், விளிம்பு சரியாக மூடாத மாம்பழக்கூழ் டின். மழையில் கெட்ட மாங்காயை அப்படிச் சொல்லக் கூடாது. அலுவலக அறிக்கையில் ‘லவுசி’யை நான் ஏற்கவே மாட்டேன், நண்பருக்கு அனுப்பும் செய்தியில் அது இயல்பாகவே இருக்கும்.