ஈரம் எங்கிருந்து வருகிறது? பழைய எம்எக்ஸ்-5-உடன் ஒன்பது வருடம்

மழை ஓய்ந்த மறுநாள் காலை கதவைத் திறந்து, பக்கத்து சீட்டின் முன்னால் காலை வைத்தேன். கார்பெட் சளக் என்றது. வண்டி வாங்கி அப்போது ஐந்து மாதம். கூரைத் துணி பழையது, தையல்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. வேறு எதையும் யோசிக்காமல் கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். புதுக் கூரை வரவழைத்து, இரண்டு வாரம் சனி ஞாயிறு முழுக்க அதிலேயே கிடந்து மாட்டி முடித்தேன். அடுத்த மழைக்கும் கார்பெட் சளக் என்றது.

ஈரம் தெரிகிற இடம் வேறு, ஈரம் வருகிற இடம் வேறு. இது மனதில் பதிய எனக்கு மூன்று பழுதுகள் தேவைப்பட்டன. அந்த மூன்றையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். பழைய திறந்த கார் ஒன்றை வாங்கி நாமே பழுது பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் வண்டி. மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1992 மாடல். மியாட்டா என்ற பெயரில் தெரிந்திருக்கலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை இதே உருவத்தில் வந்த வண்டி இது. முன்னால் 1.6 லிட்டர் எஞ்சின், இழுப்பது பின்சக்கரங்கள், எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டன. இத்தனை வண்டிகள் ஓடியதால்தான் முப்பது வயதான வண்டிக்கும் ரப்பர் வளையத்திலிருந்து கூரைத் துணி வரை இன்றும் கிடைக்கிறது. பானட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான வேலைகளுக்கு 10, 12, 14, 17 மி.மீ. ஸ்பேனர்கள் போதும்.

சரி, அந்தத் தண்ணீர். இந்தக் காரின் கூரை முழுக்க முழுக்கத் தண்ணீரை வெளியே தள்ளும் அமைப்பு இல்லை. துணியின் பின்பக்க அடிப்பகுதியில் ஒரு வாய்க்கால் போன்ற பட்டை ஓடுகிறது. கூரை மேல் விழும் மழையில் ஒரு பகுதி அந்தப் பட்டையில் இறங்கி, இடமும் வலமுமாகப் பிரிந்து, சீட் பெல்ட் சுருளும் கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஓட்டைக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் அடியில் போய்விட வேண்டும். அதாவது தண்ணீர் உள்ளே வருவது தப்பில்லை, அது வெளியே போகாமல் நிற்பதுதான் தப்பு. இது தெரியாமல் எத்தனை துணி மாற்றினாலும் பயன் இல்லை.

சீட்டின் பின்னால் உள்ள கார்பெட்டை விலக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு குட்டை. விரலை விட்டால் களி மாதிரி இருந்தது: மக்கிய இலை, தூசி, கூரைத் துணியிலிருந்து உதிர்ந்த நூல், நடுவில் ஒரு பைன் ஊசி இலை கூட முழுசாக. கரண்டியால் அள்ளி எடுத்தேன். அப்புறம் புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் பிளாஸ்டிக் நரம்பை ஒரு முழ நீளம் வெட்டி, மெதுவாகத் திருகித் திருகிக் குழாய்க்குள் இறக்கினேன். கம்பியால் குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் குழாய் பழைய ரப்பர், கிழிந்தால் தண்ணீர் நேராகக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் போய்விடும், அங்கே துருப்பிடிக்கத் தொடங்கினால் வெல்டிங் வரை போகும். நாலைந்து முறை நரம்பை ஏற்றி இறக்கியதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. கடகடவென்று உள்ளே இறங்கியது. வண்டிக்கடியில் தரையில் காபி நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கார்பெட் காய்ந்தே இருக்கிறது.

புதுக் கூரை போட்டது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன், பழைய துணி எப்படியும் ஒரு வருடத்தில் கிழிந்திருக்கும். ஆனால் கூரை வேலையைத் தொடங்கும் முன் அரை மணி நேரம் அந்த ஓட்டையைப் பார்த்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வண்டியை மரத்தடியில் நிறுத்தியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் தோன்றவில்லை.

இரண்டாவது, எண்ணெய். மூன்றாம் வருடம் எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்திலிருந்து சொட்டத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினேன். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்றார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரியும், சொட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். நானும் கியர் பெட்டி இறக்கும் ஜாக்கி இரவல் கேட்கும் வரை போய்விட்டேன். அப்போதுதான் கார்பெட் நினைவுக்கு வந்தது. எண்ணெய் மேலிருந்துதானே கீழே வரும், மேலே எங்கே?

எஞ்சினை டீக்ரீசர் போட்டுச் சுத்தமாகக் கழுவித் துடைத்தேன். ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினின் பின்பக்கம், பயணிகள் அறையைப் பிரிக்கும் தகட்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஹெட்டின் பின்முனையில் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒரு பாகம் சொருகியிருக்கும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. அதன் அடியில் பளபளவென்று ஒரு ஈரக் கோடு. அது ஹெட்டின் பின்புறமாகவே வழிந்து, நேராகக் கியர் பெட்டி சேரும் இடத்துக்குப் போகிறது.

அந்த சென்சாரைச் சுற்றி ஒரே ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆனால் கை நுழையும் இடம் குறுகல். பார்க்க முடியாது, தடவித்தான் செய்ய வேண்டும். கழற்றும் முன் சென்சாரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். அந்த சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறும். வளையத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டியது சதுரமாக அமுங்கியிருந்தது, வளைத்தபோது மளுக்கென்று இரண்டாக உடைந்தது. ரப்பர் என்று சொல்ல முடியாது, பிளாஸ்டிக் வளையல் மாதிரி. புது வளையத்தில் எண்ணெய் தடவிச் சொருகி, கீறிய கோட்டுக்குச் சரியாக வைத்து மூடினேன். பிறகு டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தேன். பானட்டுக்கடியில் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் TEN, GND என்று குறித்த இரண்டு முனைகளைச் சின்ன வயரால் இணைத்துவிட்டுப் பார்த்தால், ஐடிலில் 10 டிகிரி காட்ட வேண்டும். காட்டியது. கியர் பெட்டி இன்றுவரை இறங்கவில்லை.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வண்டியைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தார்கள், கீழிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நம் வண்டியில் நமக்கு நேரம் இருக்கிறது. கழுவித் துடைத்து, ஓட்டி, மறுபடி பார்க்க ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கலாம். வீட்டில் வேலை பார்ப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த நேரம்தான்.

மூன்றாவது பழுது கிளட்ச். ஒருநாள் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்தது. இரண்டு நாளில் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, தரை வரை போனது. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்ல ஆள் நிறைய. ஆனால் தட்டு தேய்ந்தால் எஞ்சின் சுற்று ஏறும், வண்டி வேகம் ஏறாது, வழுக்கும். இங்கே வழுக்கவில்லை, பிரியத்தான் மறுத்தது. இந்த முறை முதலில் திறந்தது பானட்டை. கிளட்ச் ஃப்ளூயிட் டப்பா அடிமட்டத்துக்கு வந்திருந்தது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் நெம்பினேன். பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கி கிளட்சைப் பிரிப்பது இதுதான். மணிக்கட்டு வழியாகக் கருப்புத் திரவம் வழிந்தது.

ஸ்லேவ் சிலிண்டர் மாற்றுவது எளிது: ஒரு குழாய், இரண்டு போல்ட். பெடலை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே காற்றை வெளியேற்ற, ஒரு மணி நேர வேலை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். புது ஸ்லேவ் போட்டதும் அழுத்தம் முழுசாக ஏறும், மேலே, பெடல் நேராகத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டருக்கும் அதே வயசு. எனக்கு ஆறு மாதத்தில் அதுவும் கசிந்தது, பெடலுக்கு மேலே தகட்டில் ஈரம். இரண்டையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம். கிளட்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஃப்ளூயிட்தான், அது பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. கை பிரேக் பிடிக்கவில்லை என்று பின் பிரேக் பேட் வாங்காதீர்கள். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பின் காலிப்பரின் பின்னால் 14 மி.மீ. போல்ட் ஒன்று இருக்கும். அது வெறும் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் திருகு. டிஸ்க் நிற்கும் வரை வலப்பக்கம் திருகி, கால் சுற்றுக்குச் சற்று அதிகமாக, மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட்டால் போதும். பேட்கள் நன்றாக இருக்கும்போதே கை பிரேக் தளர்ந்துபோவது பெரும்பாலும் இந்தத் திருகைச் சரி செய்யாததால்தான்.

பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதனால் சீல் செய்த வகையாகவும், ஆவியை வெளியேற்றும் குழாய் மாட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எனக்கு முன் வைத்திருந்தவர் குழாய் இல்லாமல் சாதாரண பேட்டரி வைத்திருந்தார், அந்தத் தட்டைச் சுற்றிலும் பெயின்ட் உரிந்து தகடு பொரிந்திருந்தது. சுரண்டித் துருநீக்கி அடித்து மறுபடி பெயின்ட் பூச ஒரு நாள் போனது.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். கருப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக, மஞ்சளாக மாறியிருந்தால் பிளாஸ்டிக் உயிர் போகிறது என்று அர்த்தம், ஒழுகும் வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து மடங்கும் ஹெட்லைட்டுகளில் ஒன்று இரவில் எழவில்லையென்றால் பதற வேண்டாம். மோட்டாரின் மேல் ரப்பர் தொப்பிக்கடியில் ஒரு குமிழ் உண்டு, கையால் சுற்றி விளக்கை மேலே கொண்டுவரலாம். விளக்கு திடீரென்று அசைந்தால் விரல் நசுங்கும், எனவே அதற்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். கியர் லீவரைச் சுற்றி உள்ளே சூடு அடித்தால், அங்கே இருக்கும் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கும். மாற்றியதும் வண்டிக்குள் இரைச்சலே பாதியானது போல இருந்தது.

கிராங்க் ஷாஃப்டோடு கேம் ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட்டையும் நானே மாற்றினேன். 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வாங்கும்போது எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்பும் அந்த மூடிகளுக்குப் பின்னால்தான் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. மூன்று நாள் எடுத்தேன், ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் வரைந்த படத்தில் அதனதன் இடத்தில் குத்தி வைத்துக்கொண்டேன். இந்த ஒரு பழக்கம் மட்டும் பல முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. நல்ல ஸ்டாண்டுகள் இரண்டு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச், அசல் சர்வீஸ் மேனுவல்: இவை மூன்றையும் வாங்காமல் முதல் போல்ட்டைத் தொட வேண்டாம். வீல் நட்டுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர் என்று மேனுவலில் இருக்கிறது. கை பலத்துக்கு இறுக்கி ஸ்டட்டின் மறையை ஒருமுறை கெடுத்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

வாங்கலாமா என்று கேட்டால், வாரத்தில் ஐந்து நாளும் இதே வண்டியில்தான் வேலைக்குப் போயாக வேண்டும் என்கிற நிலையில் இருப்பவருக்குச் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கொடுக்க மனம் உள்ளவருக்குத் தயங்காமல் சொல்வேன். பார்க்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்கடியில் உள்ள தகட்டை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்றிருந்தால் அந்தத் தண்ணீர்க் குழாய் பல வருடம் அடைத்திருக்கிறது.

இப்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையை மடக்கும் முன் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, அதைத் தட்டையாகப் படுக்க வைத்து, நடுவில் ஒரு மெத்தென்ற துண்டு வைக்கிறேன், ஆறு வருடமாக மடிப்புக் கோடு விழவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இரண்டு பக்க ஓட்டைகளிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, குனிந்து வண்டிக்கடியில் பார்க்கிறேன்.

போன வாரம் இடது கதவுக் கண்ணாடி ஏற முடியாமல் பாதியில் திணறியது. மோட்டார் போய்விட்டது என்றார் நண்பர். கதவு அட்டையைக் கழற்றி வைத்திருக்கிறேன். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கிறது. நாளை அதைத் துடைத்துவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவேன்.