ரோபோ கிட்கள்: பல ஆண்டுகள் வகுப்பில் புழங்கிய பிறகு

மாணவர்களுக்கு ரோபோ செய்யச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, "எந்த கிட் வாங்கலாம்?" என்பதைத்தான். மூன்று வகைக் கிட்கள் என் வகுப்பில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் சென்சார் எண்ணிக்கையை நான் இப்போது பார்ப்பதே இல்லை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்க அந்த கிட் வழி விடுகிறதா? அதை வைத்துத்தான் என் மதிப்பெண்.

லெகோ நிறுவனத்தின் ரோபோ கிட்டான மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஈவி3, 2013இல் வந்தது. இயந்திரவியல் கற்க இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. 8 பல் சக்கரத்தை 40 பல் சக்கரத்தோடு கோத்தால் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது, இழுவிசை கூடுகிறது. பாடப்புத்தகத்தில் கொட்டாவி விட வைக்கும் விகிதக் கணக்கு இங்கே கையில் உறைக்கிறது. மோட்டாருக்குள்ளேயே சுழற்சியை அளக்கும் கருவி இருப்பதால், இரண்டு சுற்று என்றால் இரண்டே சுற்று. ஆனால் கேபிளைத் தலைகீழாகச் செருகவே முடியாது. அதனால், அந்தக் கேபிளுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022இன் முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழையது கைக்கு வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தேடி அலைய வேண்டாம்.

மைக்ரோபிட் முதல் வகுப்புக்கு ஏற்றது. பிபிசி 2016இல் பிரிட்டன் மாணவர்களுக்கு வழங்கிய சிறு பலகை இது. இதில் இருக்கும் 25 விளக்குகளை நான் அலங்காரமாக எண்ணுவதில்லை. பிழை தேடுவதற்கான சன்னல் அவை. தாளில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி தடம் மாறினால், சென்சார் தரும் எண்ணை அந்த விளக்குகளில் ஓடவிடச் சொல்கிறேன். கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைத் தாளுக்கும் இடையே எண் எவ்வளவு மாறுகிறது என்று பிள்ளைகளே பார்த்து, எல்லை மதிப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். இழுத்துப் பொருத்தும் கட்டங்களாக எழுதிய நிரலை அதே பக்கத்தில் பைத்தானாக மாற்றியும் பார்க்கலாம். பலகையின் முனைகள் மிகக் குறைந்த மின்னோட்டமே தருவதால் மோட்டாரை நேரடியாக ஓட்ட முடியாது. அதற்குத் தனிப் பலகை வேண்டும்.

இனி ஆர்டுயினோ ஊனோ, கம்பிகளை நாமே இணைத்து நிரல் எழுதி ஓட்டும் பலகை. அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான், அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். பரவலாகப் புழங்கும் ஆர்3 வகையில் ரேம் நினைவகம் வெறும் 2 கிலோபைட். கம்பிகள் கழன்றுகொண்டே இருக்கும். மோட்டார் பேட்டரியின் கிரவுண்டை (எதிர்முனையை) பலகையின் கிரவுண்டோடு சேர்க்க மறந்தால் வண்டி பேய் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும்.

ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு: "நிரல் சரியாகத்தான் இருக்கிறது, மோட்டார் சுழன்றதும் பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது." எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சதுர 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அதன் உள்மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும்போது கேட்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். நான் விடையைச் சொல்வதில்லை, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை நீட்டுகிறேன். முள் கீழே விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு நிரலைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியை அளக்கிறார்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து மோட்டாரை ஓட்டும் எல்298என் என்ற பழைய மோட்டார் இயக்கியிலும் இதே பாடம் இருக்கிறது. நான்கு சாதாரண செல்கள் தரும் 6 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். டிபி6612 என்ற புதிய வகை இயக்கியில் இந்த இழப்பு மிகக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஒலியை அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் மீயொலி சென்சார் இன்னொரு சுரங்கம். சுவருக்கு முன்னால் ஒழுங்காக நின்ற வண்டி, சாய்ந்து வந்தால் மட்டும் மோதுகிறதே என்று ஒரு மாணவி மல்லுக்கட்டினாள். ஒரு நோட்டுப்புத்தகத்தைச் சென்சாருக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினாள். திரையில் 20 செ.மீ. என்று நின்றிருந்த எண் திடீரென்று எங்கோ எகிறியது. ஒலி வேறு திசையில் தெறித்துப் போய்விடுகிறது என்று அவளே சொன்னாள். அடுத்து அவளுடைய நிரலில் ஒரு விநாடி நிறுத்தும் டிலே கட்டளை அகப்பட்டது. அந்த ஒரு விநாடி முழுவதும் வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. டிலேயை எடுத்துவிட்டு, நிரலை நிறுத்தாமலே கடந்த நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கட்டளை மூலம் நேரத்தைக் கணக்கிடும் முறைக்கு அவள் மாற, இரண்டு வகுப்புகள் ஆயின. அவற்றை வீண் என்று நான் நினைக்கவில்லை.

"ஒரே பெட்டியில் ஐம்பது சோதனைகள்" என்று விற்பவை எனக்குப் பிடிப்பதில்லை. படம் பார்த்துப் பொருத்தி, கொடுத்த நிரலை ஏற்றினால் ஓடும். ஓடியதோடு கதை முடிந்துவிடும். போட்டிக்காக அடுத்தவர் நிரலை அப்படியே எடுத்து ஓட்டுவதும் இதே ரகம்தான்.

வாங்குபவர்களுக்கு: மைக்ரோபிட்டில் தொடங்கி, கை பழகியதும் ஆர்டுயினோவுக்கு மாறுங்கள். ஒரு கிட்டுக்கு இருவர் போதும். நால்வர் உட்கார்ந்தால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மறுமின்னேற்ற செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் என்பதைக் கணக்கில் வைத்து, நான்குக்குப் பதில் ஐந்து செல் பிடிக்கும் உறை வாங்குங்கள். பாகங்களை இணைக்கும் உதிரி ஜம்பர் கம்பிகள் நிறைய வேண்டும். கூடுதல் சென்சாருக்கு ஒதுக்கிய பணத்தில் மேசைக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள்.